கிரீடத் துணிக்கு அடியில் இருந்த உறை

துலேரி, கலிபோர்னியா
2016 மே 9, திங்கட்கிழமை

அன்பு மகன் அடெலினோவுக்கு அம்மா எழுதுவது. அங்கே உனக்குக் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லாமல் பரிசுத்த ஆவி காப்பாற்ற வேண்டும், இங்கே நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அதற்கு நலம் என்று பெயர் வைத்தால் நலம். இதற்கு முன் நான் எழுதிய மூன்று கடிதங்களையும் நீ பிரிக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். உன் பெண்டாட்டி யெசேனியா சொல்லவில்லை, பாவம் அவளைத் திட்டாதே. போன மாதம் உன் நம்பருக்கு அடித்தபோது உன்னோடு தங்கியிருக்கிற பையன் எடுத்தான், நீ குளிக்கப் போயிருந்தாயாம், அவன் வெகுளியாக, உங்க லெட்டரெல்லாம் ஃபிரிட்ஜ் மேல பத்திரமா இருக்கு ஆன்ட்டி, ஒண்ணுகூடக் கிழியலன்னு சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் அது பொய். இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். மூன்றாம் நாள் கை நின்றுவிட்டது. பிரிக்காத கடிதத்தைப் பற்றிக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இதில் எழுதப் போகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், வைக்காவிட்டால் நான் பாதியில் அழுதுவிடுவேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, இருந்தாலும் சில்வெய்ரா பண்ணைக்குக் கறக்கப் போவதை நிறுத்தமாட்டேன் என்கிறார். பால் விலை இறங்கிவிட்டது என்று அந்த சில்வெய்ரா இரண்டு ஆளை நிறுத்திவிட்டான், மூன்றாவது ஆளாகத் தான் நின்றுவிடக்கூடாது என்று இவர் நொண்டுவதை மறைத்து நடக்கிறார். மாடுகளிடம் பேசுகிற அளவில் பாதிகூட என்னிடம் பேசுவதில்லை, அது உனக்குப் புதிது இல்லை. நம் கிணறு இந்த வருஷமும் கலங்கித்தான் வருகிறது, வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம். உன் மகள் நோயெமிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, அதைத் தாளில் மடித்து உனக்காக வைத்திருக்கிறாள், தபாலில் அனுப்பினால் தொலைந்துபோகுமாம், நீதான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். நேற்று அன்னையர் தினத்துக்கு எனக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தாள், அதில் நீ இருக்கிறாய், உன் ஒரு காதை மட்டும் கறுப்பாகத் தீட்டியிருக்கிறாள். ஏன்டி கண்ணு இப்படின்னு கேட்டேன், அந்தக் காது தூங்குது பாட்டின்னாள்.

பரிசுத்த ஆவித் திருவிழாவுக்கு முன்னால் வாரம் ஒரு வீடாகச் சுற்றிவரும் கிரீடம், இந்த வருஷம் சீட்டுக் குலுக்கலில் கடைசி வாரத்துக்கு நம் வீட்டுக்கு விழுந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு. நேற்று சாயங்காலம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், இந்தக் கடிதத்தை எழுதும்போதும் வெள்ளிக் கிரீடம் கூடத்து மேசையில் பூவுக்கு நடுவில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஊரே செபமாலைக்கு வரும், நான் ரொட்டியும் காபியும் கொடுத்து, சிரித்த முகமாக நிற்க வேண்டும். முன்பெல்லாம் இது எனக்கு எத்தனை பெருமையான வாரம் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை சீட்டில் நம் பெயரை வாசித்தபோது வேறு வீட்டுக்கு விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கிரீடம் வந்தால் அதற்கு அடியில் விரிக்கிற கிரீடத் துணியை எடுத்தாக வேண்டும். துணியை எடுத்தால் அதற்குள் இருப்பதை எடுத்தாக வேண்டும்.

யெசேனியா போன வாரம் வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அழுததா தூக்கம் இல்லாததா என்று தெரியவில்லை. அத்தே, அங்க டகோட்டாவுல எண்ணெய்க் கிணத்துல பாதிப் பேர நிறுத்திட்டாங்களாம், இவருக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலையாம், இருபதாம் தேதி வெள்ளிக்கிழம மறுபடி படையில கையெழுத்துப் போடப் போறாராம், எங்கிட்ட கேக்கக்கூட இல்ல, சொல்றாரு அவ்வளவுதான்னாள். மறுபடி சேர்ந்தால் பழைய போனஸ் பாக்கியைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்கே இருக்கிற ஆள்சேர்ப்பு சார்ஜன்ட் சொல்லியிருக்கிறானாமே. பார்த்துக்கொள்வோம்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 2007-இல் இதே சமையலறையில், இதே நாற்காலியில் இன்னொரு சார்ஜன்ட் உட்கார்ந்து நான் சுட்ட இனிப்பு ரொட்டியை நான்கு துண்டு தின்றுவிட்டு அப்படித்தான் சொன்னான். இன்னும் ஆறு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டா பதினஞ்சாயிரம் டாலர், இது உங்க பையனோட காசும்மா, நாளைக்கு யாரும் வந்து கேக்க மாட்டாங்கன்னு மார்பில் கை வைத்துச் சொன்னான். நீ போட்டாய். போய் இரண்டாம் தடவையும் சண்டை பார்த்தாய், ஒரு காதைக் கொடுத்துவிட்டு வந்தாய். அவன் படிவத்தில் தப்பான பிரிவு எழுதியிருந்தான், அந்தப் பிரிவுக்குப் போனஸே கிடையாது, எனவே பணத்தை வட்டியோடு வை என்று உன்னிடம்தான் கேட்டார்களே தவிர, என் ரொட்டியைத் தின்றவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காசில்தான் இந்த வீட்டுக்குக் கூரை போட்டோம். மழை பெய்யும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். நல்லவேளை, இங்கே மழையே பெய்வதில்லை.

சரி, சுற்றி வளைத்துக்கொண்டே இருந்தால் தைரியம் போய்விடும். உனக்கு இடலினா மாமியின் மகன் ரொஜேரியோவை நினைவிருக்கும், உன் முதல் தடவையில் உன்னோடு போய்த் திரும்பி வராதவன். அவன் அங்கே இருந்தபோது படையிலிருந்து அவன் பெயருக்கு ஓர் உறை வந்தது, மாமி பிரித்துப் பார்த்தாள், ஏதோ இன்சூரன்ஸ் படிவம், ஒன்றுமில்லை. பிரித்த மூன்றாம் நாள் சீருடை போட்ட இரண்டு பேர் வாசலுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு மாமி பேசியதெல்லாம் அந்த ஒரு பேச்சுதான், நான் பிரிச்சிருக்கக் கூடாது, அவன் பேருக்கு வந்தத நான் பிரிச்சிருக்கக் கூடாது. அடக்கத்தன்றும் அதைத்தான் சொன்னாள். அவளுக்குப் பைத்தியம் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு நம் திருவிழா மன்றத்தில் கூடுகிற அம்மாக்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அன்றோடு நிறுத்திக்கொண்டோம். பிள்ளை வெளியே இருக்கிற வரைக்கும் படையிலிருந்து அவன் பெயருக்கு வருகிற எதையும் பிரிக்கக்கூடாது, வீட்டுப் பீடத்தில் வைக்க வேண்டும், அவன் வந்து தன் கையால் பிரிக்கட்டும். சட்டமாக யாரும் எழுதவில்லை, ஆனால் மீற ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. நீ இரண்டாம் தடவை கிளம்பியபோது நான் அதைப் பரிசுத்த ஆவிக்கு நேர்ச்சையாகவே வைத்தேன். என் மகன் உயிரோடு வாசற்படி மிதிக்கிற வரைக்கும் அவன் பெயருக்கு வரும் உறையைப் பிரிக்கமாட்டேன் என்று மண்டியிட்டுச் சொன்னேன். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். அங்கே போய் நின்றவனுக்குப் பயம் வேறு மாதிரி, இங்கே காத்திருந்தவர்களுக்கு வேறு மாதிரி.

2012 மே மாதம் நீ ஆப்கானிஸ்தானில் இருந்தாய். அப்போதும் கிரீடம் நம் வீட்டில் இருந்தது. தபால்காரர் பதிவுத் தபால் ஒன்று கொண்டுவந்தார், உன் பெயருக்கு, படையின் சம்பள அலுவலகத்திலிருந்து. சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஆமாம் அடெலினோ, நான்தான் போட்டேன். நேராகக் கூடத்துக்குப் போய்க் கிரீடத்தைக் கொஞ்சம் தூக்கி, அந்தச் சிவப்புத் துணிக்கு அடியில் உறையை வைத்தேன். இதை விடப் பத்திரமான இடம் இந்த உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். வாரம் முடிந்து கிரீடம் அடுத்த வீட்டுக்குப் போனபோது துணியை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டேன், உறையும் உள்ளேயே போய்விட்டது. நீ அடுத்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காதில் பஞ்சோடு வந்து நின்றாய். நான் உன் தலையைத் தொட்டுப் பார்த்தேன், கையைத் தொட்டுப் பார்த்தேன், உன் விரல்களை எண்ணினேன். உறையாவது ஒன்றாவது! எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிற்று, இது சத்தியம், இதை மட்டுமாவது நம்பு.

இனி சொல்லப்போவது மறந்ததைப் பற்றி இல்லை. நான்கு மாதம் கழித்து உன் சம்பளத்தில் முதல் தடவை பிடித்தார்கள். நீ அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இதே சமையலறையில் கத்தினாய். முன்னாடியே தபால் போட்டோம், அறுபது நாளுக்குள்ள பதில் எழுதல, அதனால நீ ஒத்துக்கிட்டதா கணக்குன்னு சொல்றாங்கம்மா, எனக்கு ஒரு தபாலும் வரல, இங்க ஏதாவது வந்துச்சான்னு கேட்டாய். கேட்ட அந்த நொடியில் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. துணியின் சிவப்பு, உறையின் பழுப்பு, தபால்காரரின் பேனா எல்லாம் கண்முன் நின்றது. வாய் மட்டும், இல்லப்பா, ஒண்ணும் வரலியேன்னது. ஏன் சொன்னேன் என்று ஆயிரம் தடவை என்னையே கேட்டுவிட்டேன். நீ கத்திய சத்தத்தில் பயந்தேன் என்பது ஒன்று. பக்கத்தில் அப்பா நின்றார் என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல், நீ என்னை எத்தனை நம்பிக்கையோடு பார்த்தாய் என்பது ஒன்று. ஏதோ ஐம்பது நூறு பிடிப்பார்கள், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மத்தியானம் நீ போனபின் பெட்டியைத் திறந்து பார்த்தேன், இருந்தது. திரும்ப மூடினேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், மறுநாள் நீ முறையீட்டு மனுவுக்கு என்னையும் அழைத்துப்போய், என் வீட்டுக்கு எந்தத் தபாலும் வரவில்லை என்று எழுதிய தாளில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடச் சொன்னாய். போட்டேன். முத்திரையும் குத்தினார்கள். பொய் அன்றைக்குக் கெட்டியாகிவிட்டது.

அதற்கடுத்த வருஷம் விசாரணையில் தபால் சீட்டின் நகலை உன் முன்னால் நீட்டினார்கள் அல்லவா, அதைப் பற்றி நீ வந்து சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அம்மா, உங்க கையெழுத்த மாதிரியே போட்டு வச்சிருக்கானுங்க, திருட்டுப் பசங்க, அந்த டி எழுத்தக்கூட அப்படியே வளச்சிருக்கானுங்க, நான் விடல, எங்கம்மா சத்தியம் பண்ணியிருக்காங்க, இது கள்ளக் கையெழுத்துன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்னாய். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். அப்படிச் சொன்னதையே உனக்கு எதிராக எழுதி, படை அலுவலகத்தின் மேல் பொய்க்குற்றம் சுமத்துகிறான், இவன் பேச்சை நம்ப முடியாது என்று மனுவைத் தள்ளினார்கள். உன் கண்ணால் பார்த்த கையெழுத்தை விட என் வாய்வார்த்தையை நீ நம்பினாய். நான் அன்று உனக்குச் சாப்பாடு போட்டேன், இன்னும் கொஞ்சம் இறைச்சி வைக்கவா என்று கேட்டேன். எப்படிப்பட்ட பொம்பளை நான்!

அப்புறம் அப்பா தன் ஐந்து கிடாரிகளையும் விற்ற அன்று நடந்தது. அவர் பணத்தை மேசையில் வைத்து, வாங்கின காசுன்னா திருப்பிக் குடுக்கணும், அவிலா குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தனும் ஏமாத்துக்காரன்னு பேர் எடுக்கல, நீ எடுத்துட்டன்னார். நீ வெளுத்துப்போனாய். நான் ஏமாத்தலப்பா, அவங்க எனக்கு ஒரு வார்த்த சொல்லாம செஞ்சிட்டாங்கன்னாய். என்னைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அடுப்புப் பக்கம் திரும்பிச் சாற்றில் புதினாவைப் போட்டேன். நீ பணத்தைத் தொடாமல் போய் அந்த வாரமே டகோட்டாவுக்கு வண்டி ஏறினாய். என் கடிதங்களை நீ ஏன் பிரிப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன. அம்மா எனக்காக வாயைத் திறக்கவில்லை என்பது உன் வருத்தம். திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதை இன்றைக்குத்தான் நீ தெரிந்துகொள்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை, துணியை இஸ்திரி போட வேண்டும் என்று பெட்டியைத் திறந்தேன். யெசேனியா சொன்ன இருபதாம் தேதி தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் துணியை விரித்து அதன் மேல் கிரீடத்தை வைக்க எனக்குக் கை வரவில்லை மகனே. உறையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன், அப்பா கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார், கையைக்கூட ஓங்குவார் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்தார். பிரிச்சியான்னார். இல்லன்னேன். உறையை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கி உள்ளே எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார், அவருக்கு ஆங்கிலம் படிக்கவே வராது, இருந்தும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, பையன ஏமாத்துக்காரன்னு சொன்னேனே டியோலிண்டா, என் வாயால சொன்னேனேன்னார். அவ்வளவுதான். அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் ஆறு வார்த்தை பேசியிருந்தால் அதிகம், அதுவும் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு சரி. நான் குறைசொல்லவில்லை.

வியாழக்கிழமை நான் தனியாகப் பஸ் ஏறி, முன்னாள் வீரர்கள் மன்றத்தில் வாரா வாரம் வந்து உட்காருகிற வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். ரூத் ஹகோபியன் என்று பெயர், அவரே ஒரு காலத்தில் படையில் இருந்தவர், வெள்ளைத் தலை, குரல் மட்டும் இன்னும் அணிவகுப்பு மைதானத்தில் நிற்கிற மாதிரி. எல்லாவற்றையும் கேட்டார். உறையைத் தொடுமுன் கையுறை போட்டுக்கொண்டார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இத நீங்க பிரிக்காம இருந்ததுதாம்மா உங்க பையனுக்கு இருக்கற ஒரே நல்ல சாட்சி, அவருக்குத் தகவலே போய்ச் சேரலங்கறதுக்கு இந்த ஒட்டின ஒட்டே போதும், கேச மறுபடி திறக்கச் சொல்லிக் கேக்கலாம்னார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. உடனே அடுத்ததையும் சொன்னார். முன்னாடி நீங்க சத்தியம் பண்ணிக் குடுத்தது பொய்யின்னு இப்ப நீங்களே எழுதிக் குடுக்கணும், அது குத்தம், உங்க மேல வழக்கு வந்தாலும் வரலாம், வீட்ல கலந்துட்டு வாங்கன்னார். கலந்தாச்சு, எழுதிக்குங்கம்மான்னேன். இரண்டு பக்கம் எழுதினார், வாசித்துக் காட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். வயசான காலத்தில் உனக்கு ஜெயிலா என்று நீ கேட்பாய். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன், பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெட்டியைத் திறக்கிற பயத்தை விட இது குறைவு.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதே. வக்கீலம்மா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். புது ஒப்பந்தத்தில் பழைய பாக்கியை நீ ஒத்துக்கொள்வதாக ஒரு வரி இருக்குமாம், பொடி எழுத்தில் இருக்குமாம், அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் இந்த உறையும் என் இரண்டு பக்கமும் குப்பைக்குத்தான் போகுமாம். அதோடு உன்னை மறுபடி எங்காவது அனுப்புவார்கள். ஒரு காதோடு போய் எந்தப் பக்கம் குண்டு விழுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வாய்? நான் வைத்த பொய்க்கு நீ இன்னொரு தடவை அங்கே போய் நிற்கக் கூடாது. இன்னொன்று, உறையை வக்கீலம்மா ஒரு கண்ணாடித்தாள் பையில் போட்டு வைத்திருக்கிறார், அதை நீ நேரில் வந்து, அதிகாரி முன்னால், உன் கையாலேயே பிரிக்க வேண்டுமாம். நான் நேர்ந்துகொண்டதும் அதுதான். நான்கு வருஷம் தப்பிப்போன நேர்ச்சை அப்போதாவது முடியும். ஜெயித்துவிடுவோமா என்று கேட்டேன், பாதிக்குப் பாதின்னு வச்சிக்குங்கன்னார். பொய் நம்பிக்கை கொடுக்காத மனுஷி, எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், இப்போது கேட்க வாய் வரவில்லை. நீ என்னோடு பேசாவிட்டாலும் போகட்டும், பேசாமல் வா, பேசாமல் பிரி, பேசாமல் போ. யெசேனியாவோடு மட்டும் பேசு, அவளுக்கு இதில் ஒரு பாவமும் தெரியாது. அப்பாவும் ஏதோ சொல்ல வேண்டும் என்று நான் எழுதுகிற மேசைக்கு இரண்டு தடவை வந்து நின்றார், என்ன எழுதட்டும் என்று கேட்டேன், அங்க குளிரான்னு கேளுன்னார். மே மாதத்தில் என்ன குளிர் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டேன். குளிர் இருக்கிறதா? கம்பளிச் சொக்காய்க்குள் இன்னொன்று போட்டுக்கொள், ராணுவத்து பூட்ஸ் ஈரமானால் அடுப்புப் பக்கம் வைக்காதே, தோல் வெடித்துவிடும், அந்தக் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். சாப்பாட்டை ரொட்டியும் டின்னுமாக முடித்துவிடாதே. நோயெமியின் பல் இங்கே காத்திருக்கிறது.

பரிசுத்த ஆவி உன் தலைமேல் இருந்து உன்னைக் காக்கட்டும், மாதா உன் பக்கத்தில் நடக்கட்டும், உன் அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு, என்னுடையது இன்னும் செல்லும் என்றால் அதுவும் உண்டு. இது உன் கைக்கு வந்து சேர ஐந்து நாள் ஆகும், இருபதாம் தேதிக்கு முன்னால் வந்துவிடும். ஆனால் வந்து அந்த ஃபிரிட்ஜ் மேல் நான்காவதாக உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால் உறையின் வெளிப்பக்கத்தில், முகவரிக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதே, தபால் வந்தது, அம்மாதான் மறைத்தாள். தபால்காரர் படிக்கட்டும், உன்னோடு தங்கியிருக்கிற பையன் படிக்கட்டும், டகோட்டா முழுக்கப் படிக்கட்டும். பிரிக்காவிட்டாலும் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்போதும் கடைசியில் அம்மா என்று மட்டும்தான் போடுவேன். இந்தத் தடவை, அந்தத் தபால் சீட்டில் போட்ட மாதிரியே முழுப் பெயரையும் போடுகிறேன். நகல் உன்னிடம் இருக்கும், எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார், அந்த டி எழுத்தின் வளைவையும் பார். அது கள்ளக் கையெழுத்து இல்லை மகனே.

இப்படிக்கு,
டியோலிண்டா அவிலா